பழைய கடன் இருந்தாலும் வங்கிப் புத்தகம் எடுக்கலாம்

கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டும் நேரத்தில்தான் உண்மையான பிரச்சினைகள் வெளியே வரும். வண்ணாத்திவில்லுப் பகுதியில் வேலை செய்யும் எமக்கு இது பழகிப்போன விடயம். அப்படித்தான் ஒரு தாய், மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்து, நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். அஸ்வெசும கொடுப்பனவுக்கு அவரது குடும்பம் தெரிவாகியிருந்தது. பணத்தை வைப்பிடுவதற்கு ஒரு வங்கிக் கணக்கு இலக்கம் கொடுக்க வேண்டும். கடிதம் வந்து மாதக்கணக்காகியும் அவர் வங்கிப் பக்கம் போகவில்லை.

"ஏன் ராத்தா இன்னும் போகாமல் இருக்கிறீர்கள்?" என்று எம்மில் ஒருவர் கேட்டார்.

"போனா பழைய லோனைப் பத்திக் கேப்பாங்கதானே மிஸ். எங்கட ஆள் மவுத்தாப் போறத்துக்கு முந்தி எடுத்த லோன். பேங்குக்குள்ள கால் வைக்கவே வெக்கமா இருக்கு. புடிச்சுக் குடுத்துட்டா புள்ளைகள ஆரு பாக்கிறது?"

கடனைக் கட்டாதவர் கணக்குத் திறக்கப் போனால் பிடித்துக் கொடுப்பார்கள் என்ற பயம் அவருக்கு மட்டும் உரியதல்ல. எழுவன்குளம் வீதியில் உள்ள குடியிருப்புகளிலும் கஜூத் தோட்டங்களில் கூலிக்குப் போகும் குடும்பங்களிடமும் நாம் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறோம். இந்தப் பயத்தினால் சிலர் தமக்குரிய பணத்தை மைத்துனரின் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார்கள். சிலர் கணக்கே இல்லாமல் இருக்கிறார்கள். ஆகவே இந்த இதழில் இதைப் பற்றி விபரமாக எழுதுகிறோம்.

முதலில் விடயத்தைச் சொல்லிவிடுகிறோம். சேமிப்புக் கணக்கு என்பது நீங்கள் வங்கிக்குக் கொடுக்கும் பணம். கடன் என்பது வங்கி உங்களுக்குக் கொடுக்கும் பணம். கடனைத் திருப்பிக் கட்டவில்லை என்ற பதிவு இரண்டாவதைத்தான் தடுக்கும், முதலாவதை அல்ல. சாதாரண சேமிப்புப் புத்தகம் ஒன்று எடுப்பதற்கு நல்ல கடன் வரலாறு தேவையில்லை. தவணை தவறிய கடனுக்காக வங்கி யன்னலில் வைத்து எவரையும் பொலிஸார் பிடிப்பதும் இல்லை. கடன் நிலுவை சிவில் விடயம். வங்கி கடிதம் அனுப்பும், வழக்குத் தொடரும், நீதிமன்றக் கட்டளை பெற்றால் சொத்தின் மீது நடவடிக்கை எடுக்கும். அதற்கும் கணக்குத் திறப்பதற்கும் தொடர்பில்லை. கணக்கில் பணமில்லாமல் காசோலை எழுதிக் கொடுப்பது வேறு கதை, அது குற்றமாகக் கொள்ளப்படலாம். ஆனால் காசோலைப் புத்தகம் நடைமுறைக் கணக்குக்கு உரியது. நாம் பேசுவது சேமிப்புப் புத்தகத்தைப் பற்றி.

'கிரிப்' என்பது என்ன?

"என்ட பேரு கிரிப்புல விழுந்திட்டு" என்று இப்போது கிராமத்திலும் சொல்கிறார்கள். கிரிப் என்பது இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கிச் சொல்வது. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தினால் அது உருவானது. 1990 எமது வாசகர்களில் பலருக்கு மறக்க முடியாத வருடம். அவ்வருடம் ஒக்டோபரில் மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளிலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அவர்களில் பெருந்தொகையினர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்துக்குத்தான். வயலும் மாடும் விதைநெல்லும் அங்கேயே நின்றுவிட்டன. பயிர்க்கடன் எடுத்து விதைத்தவர்கள் அறுவடையைப் பார்க்கவேயில்லை. அந்தக் கடன் ஏன் கட்டப்படவில்லை என்பது எந்தப் பேரேட்டிலும் எழுதப்படுவதில்லை. நிலுவை என்ற சொல் மட்டுமே எழுதப்படும்.

பணியகம் செய்யும் வேலை எளிது. வங்கிகளும் பதிவு பெற்ற நிதிக் கம்பனிகளும் தாம் கொடுத்த கடன்களைப் பற்றி அங்கே அறிவிக்கின்றன. யார், எவ்வளவு எடுத்தார், ஒழுங்காகக் கட்டுகிறாரா, யார் பிணை நின்றார் என்பன அடையாள அட்டை இலக்கத்தின் கீழ் பதியப்படுகின்றன. நீங்கள் புதிதாகக் கடன் கேட்கும்போது வங்கி அந்த அறிக்கையை எடுத்துப் பார்க்கும். தவறாதவரின் விபரமும் தவறியவரின் விபரமும் ஒன்றாகவே அங்கே இருக்கின்றன. அது 'கறுப்புப் பட்டியல்' அல்ல. கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது பணியகம் அல்ல, அந்தந்த வங்கி.

பிணை நிற்றலை இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அயலவர் வந்து "ஒரு கையெழுத்துத்தானே" என்று கேட்டால் இல்லை என்று சொல்வது எமது வழக்கமில்லை. நாம் பார்த்தவரையில், தமது பெயரில் ஒரு சதமும் கடன் எடுக்காமலேயே நிலுவைக்காரர் ஆனவர்கள் பலர் உண்டு. கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் பிணையாளரும் கடனாளிதான். கணவரின் கடனைப் பற்றிப் பயந்த அந்தத் தாயிடமும் நாம் முதலில் கேட்டது, "நீங்கள் அந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தீர்களா?" என்பதுதான். வைத்திருந்தால் பொறுப்பு உண்டு. வைக்காவிட்டால், இறந்தவரின் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து அறவிடப்பட வேண்டியதே தவிர, மனைவி என்ற ஒரே காரணத்தால் அவரது சொந்தக் கடனாகிவிடாது. அவருக்கு நினைவில்லை. இது சாதாரணம்தான். எத்தனையோ தாள்களில் கையெழுத்து வாங்குகிறார்கள்.

உங்களைப் பற்றி என்ன பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அடையாள அட்டையைக் காட்டி, ஒரு கட்டணம் கட்டி, உங்கள் சொந்த அறிக்கையைப் பெறலாம். வங்கிக் கிளையில் கேட்டால் வழி சொல்வார்கள். கைத்தொலைபேசியில் இணைய வசதியுள்ள பிள்ளை வீட்டிலிருந்தால் இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவை என்று காட்டினால், அந்தத் தகவலை அனுப்பிய வங்கிக்கோ கம்பனிக்கோ பற்றுச்சீட்டுப் பிரதியுடன் எழுத்தில் முறையிட வேண்டும். பணியகம் தானாக எதையும் அழிப்பதில்லை. தகவல் கொடுத்தவரே திருத்தம் அனுப்ப வேண்டும். கட்டிய துண்டுகளைக் கூரை இடுக்கில் செருகி வைக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள் என்று நாம் சொல்வது இதற்காகத்தான். இங்குள்ள ஓலைக் கூரை ஒரு மாரிக்கு மேல் தாங்காது.

எந்த வங்கிக்குப் போவது?

கணக்குத் திறக்கலாம் என்று சொன்னோம். எந்த வங்கியிலும் கண்ணை மூடிக்கொண்டு திறக்கலாம் என்று சொல்லவில்லை. இந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள்.

எமக்குத் தெரிந்த ஒரு விவசாயி இருக்கிறார். முசலிப் பக்கத்திலிருந்து வந்தவர். குத்தகைக் காணியில் நிலக்கடலை போட்டு, ஒரு போகத்தில் கையில் கொஞ்சப் பணம் மிஞ்சியது. வீட்டில் வைத்தால் கரைந்துவிடும் என்று நல்ல எண்ணத்தோடு வங்கியில் போட்டார். சில மாதங்கள் கழித்து விதைக் கடலை வாங்குவதற்காக எடுக்கப் போனபோது கணக்கில் பணமில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு நண்பரின் கை உழவு இயந்திரக் கடனுக்கு அவர் பிணை நின்றிருந்தார். அதே வங்கி. நண்பர் கட்டவில்லை. வங்கி இவரது சேமிப்பைக் கடனுக்குக் கழித்துக்கொண்டது. அவர் எம்மிடம் வந்து சத்தம் போட்டார், பிறகு அழுதார். நாம் அவரோடு வங்கிக்குப் போனோம். கணக்குத் திறக்கும் படிவத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்த நிபந்தனையைக் காட்டினார்கள். அவர் கையெழுத்திட்டிருந்தார். வங்கியின் பெயரை நாம் இங்கே எழுதவில்லை, ஏனெனில் இது ஒரு வங்கியின் குணம் அல்ல. தன்னிடமே கடன்பட்டவரின் வைப்பைக் கடனுக்குக் கழித்துக்கொள்ளும் உரிமை வங்கித்தொழிலில் பொதுவான ஒன்று.

ஆகவே பழைய கடன் எந்த வங்கியில் இருக்கிறதோ, அங்கே புதிய சேமிப்புக் கணக்கைத் திறக்க வேண்டாம். வேறு வங்கிக்குப் போங்கள். மற்றொரு வங்கி, முதல் வங்கிக்காக உங்கள் பணத்தைத் தானாகப் பிடித்துக் கொடுப்பதில்லை. அதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும். பிணை நின்ற கடன்களையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்குத் திறப்பதாயின், இருவரில் ஒருவருக்குக் கடன் இருந்தாலும் சிக்கல் வரலாம். கடன் இல்லாதவரின் பெயரில் தனிக் கணக்காகத் திறப்பது நல்லது. இது கடனிலிருந்து தப்பி ஓடும் யோசனை அல்ல. வாங்கியதைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் விதைக்கென ஒதுக்கிய பணம் ஒரே நாளில் போய்விட்டால் அடுத்த போகமும் இல்லை, கடன் கட்டும் வழியும் இல்லை.

அஸ்வெசும 2023 இல் தொடங்கியபோது, இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி ஆகியவற்றில் கணக்குத் திறக்கும்படி பயனாளிகளிடம் சொல்லப்பட்டது. நான்குக்கும் புத்தளம் நகரில் கிளை உண்டு. கடன் அச்சமுள்ளவர்களுக்கு நாம் பெரும்பாலும் காட்டும் வழி தேசிய சேமிப்பு வங்கி. பயிர்க்கடனும் உழவு இயந்திரக் கடனும் எடுத்தவர்கள் எமது பகுதியில் பொதுவாக மற்ற வங்கிகளில்தான் எடுத்திருக்கிறார்கள். தேசிய சேமிப்பு வங்கியின் கணக்கைத் தபாற்கந்தோரிலும் நடத்தலாம் என்பது இன்னொரு வசதி. பஸ் காசு கொடுத்து நகரத்துக்குப் போக முடியாத நாளில் அது பெரிய விடயம். அங்குள்ள வைப்புக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதமும் உண்டு. உரிமம் பெற்ற ஏனைய வங்கிகளில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா வரையான வைப்பு, காப்புறுதித் திட்டத்தினால் பாதுகாக்கப்படுகிறது. 2021 இல் அந்த எல்லை 6 இலட்சத்திலிருந்து உயர்த்தப்பட்டது. எம்மில் எவருக்கும் அந்த எல்லை முட்டப்போவதில்லை. ஆனாலும் நம்பிக் கொடுத்த நிதிக் கம்பனி இழுத்து மூடப்பட்டதைக் கண்டவர்கள் கேட்கிறார்கள், ஆகவே சொல்கிறோம்.

வட்டி வேண்டாம் என்று மார்க்க காரணத்தால் வங்கியை விட்டு விலகி நிற்பவர்களும் எமது வாசகர்களில் உண்டு. 2011 முதல் இயங்கும் அமானா வங்கி வட்டியில்லா முறையிலேயே நடைபெறுகிறது. வேறு சில வங்கிகளும் அந்த முறையிலான கணக்குகளைத் தனியாக வைத்திருக்கின்றன. கேட்டால் சொல்வார்கள்.

கையில் என்ன கொண்டுபோக வேண்டும்?

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வங்கியில் தடையாக நிற்பது பெரும்பாலும் கடன் அல்ல, விலாசம். இதை நாம் அனுபவத்தில்தான் கற்றோம். அடையாள அட்டையில் மன்னார் விலாசம், வாக்கு அங்கே, வீடு இங்கே, அரிசிக் கடைக் கணக்கு இன்னோரிடம் என்று வாழ்பவர்களிடம் "நிரந்தர வதிவிடம் எது?" என்று படிவம் கேட்கிறது. சிலர் பயந்துபோய் ஏதோ ஒன்றை எழுதிவிடுகிறார்கள். பிறகு அட்டையும் படிவமும் ஒத்துவராமல் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். கடன்தான் காரணம் என்று வீட்டுக்கு வந்து சொல்கிறார்கள்.

வங்கி ஏன் இத்தனை கேள்வி கேட்கிறது என்றால், அது அதிகாரியின் விருப்பம் அல்ல. 2006 ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடற் சட்டமும் அதன் கீழ் 2016 இல் வந்த விதிகளும், கணக்குத் திறப்பவர் யார், எங்கே இருக்கிறார், பணம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்யும்படி எல்லா வங்கிகளையும் கட்டாயப்படுத்துகின்றன. கள்ளப் பணத்தைத் தடுக்க வந்த சட்டம். அதில் கூலிக்காரரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆளடையாளத்துக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். கடவுச்சீட்டு அல்லது சாரதி அனுமதிப்பத்திரமும் செல்லும், ஆனால் எம்மவரிடம் இருப்பது பெரும்பாலும் அட்டைதான். அட்டையில் உள்ள விலாசத்தில் நீங்கள் இப்போது வசிக்கவில்லை என்றால், நிரந்தர விலாசம் என்ற இடத்தில் அட்டையில் உள்ளதையும், தற்போதைய விலாசம் என்ற இடத்தில் இங்குள்ளதையும் எழுதுங்கள். இரண்டு விலாசம் இருப்பது குற்றமல்ல. படிவத்திலேயே இரண்டுக்கும் இடம் உண்டு. தற்போதைய விலாசத்தை நிரூபிக்க உங்கள் பெயரில் மின்சாரப் பட்டியலோ தண்ணீர்ப் பட்டியலோ இருந்தால் அண்மைய மாதத்துக்குரியதைக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்குங்கள். மேலொப்பம் இல்லாமல் போய், இன்னொரு நாள் கூலியை இழந்து திரும்பவும் போனவர்கள் உண்டு. உத்தியோகத்தர் காரியாலயத்தில் இருக்கும் நாளை முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

பெயர் ஒத்துவராமை இன்னொரு தொல்லை. அட்டையில் ஒரு எழுத்து, அஸ்வெசும கடிதத்தில் வேறு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் வாப்பாவின் பெயரே மாறி இருக்கும். சமாதான நீதவான் ஒருவரிடம், இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குரியவை என்று ஒரு சத்தியக்கடதாசி எடுத்து இணைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

"வருமானம் எங்கிருந்து?" என்ற கேள்விக்குத் தயங்க வேண்டாம். உப்பளக் கூலி, கற்பிட்டியில் வெங்காயம் பிடுங்கும் கூலி, கஜூ பொறுக்குதல், சேனைப் பயிர், வெளிநாட்டிலுள்ள மகள் அனுப்பும் பணம் என்று உள்ளதை எழுதுங்கள். மாதம் எவ்வளவு வரும் என்ற இடத்தில் கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம். எழுதத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் வைத்துக் கணக்குத் திறக்கலாம். அதற்காகப் பக்கத்து வீட்டுப் பையனின் பெயரில் திறக்கத் தேவையில்லை. படிவத்தைத் தமிழில் கேளுங்கள். ஆரம்ப வைப்புத் தொகை வங்கிக்கு வங்கி மாறும். நலன்புரிக் கொடுப்பனவுக்கான கணக்கு என்று சொல்லிக் கடிதத்தைக் காட்டினால், வெறுங்கையுடனேயே திறக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

"கடன் இருக்கிறதா?" என்று அதிகாரி கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். "இருக்கிறது, இன்ன வங்கியில். நான் இங்கே கடன் கேட்டு வரவில்லை, சேமிப்புப் புத்தகம் எடுக்க வந்தேன்" என்று சொன்னால் போதும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். தனியாகப் போகும் பெண்ணுக்கு ஒரு பதில், இருவராகப் போனால் வேறு பதில் கிடைப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஏன் என்று எம்மிடம் கேட்காதீர்கள்.

அப்படியும் மறுத்தால், காரணத்தை எழுதித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். கிளை முகாமையாளருக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் திருப்தியில்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களத்துக்கு முறையிடலாம், தொலைபேசி 1935. வாடிக்கையாளரை நியாயமாக நடத்த வேண்டும் என்பதற்கு 2023 இல் ஒழுங்குவிதிகளும் வந்துள்ளன.

வேறு நாடுகளில் இந்தப் பிரச்சினையைச் சட்டத்தாலேயே தீர்த்திருக்கிறார்கள். பிரான்சில் கணக்கு வைத்திருக்கும் உரிமை 1984 முதல் சட்டத்தில் உண்டு. லண்டனில் உள்ள உறவினரிடம் கேட்டால் 'அடிப்படைக் கணக்கு' பற்றிச் சொல்வார்கள். பெரிய வங்கிகள் ஒன்பது, கடன் வரலாறு மோசமானவருக்கும் அதைக் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும். கடல் கடந்து நெடுந்தூரம் போகத் தேவையில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் மங்கலம் என்ற கிராமத்தில் இந்தியன் வங்கி வீடு வீடாகப் போய் எல்லாக் குடும்பங்களுக்கும் கணக்குத் திறந்து கொடுத்தது. 2005 இல் தொடங்கிய அந்த முயற்சிதான் பிறகு இந்தியா முழுவதும் பரவியது. எமது நாட்டில் அந்த வேலையைச் செய்ய இருப்பது சாதாரண சேமிப்புப் புத்தகமே.

புத்தகம் கிடைத்த பிறகு

கிழமைக் கடன் கொடுக்கும் கம்பனிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களில், தவணை தவறியவற்றைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசாங்கம் அறிவித்தது. அது அந்தக் காலத்துக்குரிய, நிபந்தனைகளோடு கூடிய திட்டம். "எல்லாம் வெட்டியாச்சு" என்று நம்பிக் கட்டாமல் விட்டவர்களின் பெயரில் இன்றும் நிலுவை ஓடிக்கொண்டிருக்கலாம். கேட்டு உறுதிப்படுத்துங்கள். கடன் அறவிட வருபவரிடம் வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் ஈடாகக் கொடுக்கவே வேண்டாம். கணக்குத் திறந்து கொடுத்துவிட்டுச் சாவியை அவர் கையில் கொடுப்பது போன்றது அது. உங்கள் கணக்கை வேறொருவரின் பணம் வந்து போவதற்கு இரவல் கொடுப்பதும் ஆபத்து. அந்தப் பணம் களவுப் பணமாயின் பொலிஸ் தேடி வருவது உங்களைத்தான். கட்டாத பயிர்க்கடனுக்கு வராத பொலிஸ் இதற்கு வரும்.

பழைய கடனைப் பற்றியும் மெதுவாகத் தொடங்கலாம். அந்த வங்கிக்குப் போய், இன்றைக்கு முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். இடம்பெயர்ந்த கதையை எழுதி, தவணையை மாற்றித் தரும்படியோ வட்டியைக் குறைக்கும்படியோ விண்ணப்பியுங்கள். கொடுக்க வேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை, ஆனால் கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. மிகப் பழைய கடனாயின், புதிய பத்திரம் எதிலும் கையெழுத்து வைப்பதற்கு முன் சட்ட உதவி ஆணைக்குழுவிடமோ தெரிந்த சட்டத்தரணியிடமோ காட்டுங்கள். காலம் கடந்த கடனுக்குப் புதிய கையெழுத்து உயிர் கொடுத்துவிடும். கட்டி முடிந்ததும், கடன் தீர்ந்தது என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். தவணை தவறிய வரலாறு அன்றே மறைந்துவிடாது. ஆனால் 'நிலுவை' என்பது 'தீர்ந்தது' என்று மாறும். அடுத்த முறை கடன் கேட்கும்போது அதிகாரி பார்ப்பது அதைத்தான்.

புத்தகத்தைத் தொடாமல் நெடுநாள் வைத்திருந்தாலும் சிக்கல் உண்டு. கணக்குச் செயலற்றதாகிவிடும். 10 வருடம் எந்தக் கொடுக்கல்வாங்கலும் இல்லாவிட்டால், வங்கிச் சட்டத்தின்படி அந்தப் பணம் கைவிடப்பட்ட சொத்தாக மத்திய வங்கிக்குப் போகும். ஆனால் உரிமை அழிவதில்லை. சொந்தக்காரரோ வாரிசோ கணக்கிருந்த வங்கியின் ஊடாகக் கோரிப் பெறலாம். 1990 இல் கணக்கை அங்கேயே விட்டு வந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புத்தகம் தொலைந்திருந்தாலும் பெயர், பழைய அடையாள அட்டை இலக்கம், கிளை, ஏறத்தாழ எந்த வருடம் என்று எழுதிக் கேட்கலாம். அதே கிளையில் அந்த நாள் பயிர்க்கடன் நிலுவை இருந்ததா என்பதையும் யோசித்துவிட்டு எழுதுங்கள்.

முதலில் சொன்ன தாய் இப்போது புத்தகம் எடுத்துவிட்டார். வங்கியில் கடனைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். விலாசத்தைப் பற்றித்தான் கேட்டார்களாம், இரண்டு தடவை. கணவரின் கடனுக்குத் தான் கையெழுத்து வைத்தாரா என்று அறிய, கடன் பத்திரத்தின் பிரதி கேட்டு அந்த மற்ற வங்கிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. இதே போன்ற கடிதம் எழுத வேண்டியவர்கள், அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அடையாள அட்டையின் பிரதியையும் கையிலிருக்கும் பழைய துண்டுகளையும் கொண்டுவாருங்கள்.